போனில் நெட் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை: பயணம் கிளம்பும் முன் செய்து வைக்க வேண்டியவை

ஒரு வெளிநாட்டுப் பயணம். ரயில் நிலையத்தில் சுவரோரம் இருந்த ஒரே பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் தொடங்க இருந்த மீட்டிங்குக்காக லேப்டாப்பைப் போனின் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்துக்கொண்டிருந்தேன். போனில் வீடியோவே ஓடுகிறது. லேப்டாப்பில் வைஃபை குறி முழுசாக நிற்கிறது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. 'அன்லிமிடெட்' என்று விற்கப்பட்ட பிளான் அது. ஹாட்ஸ்பாட்டுக்குப் பயன்படுத்த முடியாது என்று வாங்கிய பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

அதே பயணத்தில் இன்னும் மூன்று இடத்தில் அடி வாங்கினேன், எல்லாவற்றையும் கீழே சொல்கிறேன். பயணத்தில் இணையம் என்று தேடினால் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் போனை மனதில் வைத்து எழுதியவை. லேப்டாப் கதை வேறு. மொபைல் டேட்டாவில் அடக்கி வாசிக்கப் போனுக்குத் தெரியும். லேப்டாப் ஹாட்ஸ்பாட்டையும் வீட்டு வைஃபை என்றே நினைத்துக்கொண்டு அள்ளி விழுங்கும். அதனால் வேலையில் பாதிக்கு மேல் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

1. பத்து நாளுக்கு முன்பு: போனைச் சோதியுங்கள்

லேப்டாப்புக்கு நெட் கொடுக்கப்போவது போன்தான் என்பதால் முதலில் அதைப் பாருங்கள். தவணையிலோ ஒப்பந்தத்திலோ வாங்கிய போன் என்றால் ஒரே நிறுவனத்தின் சிம்மோடு பூட்டப்பட்டிருக்கலாம். ஐபோனில் அமைப்புகளில் 'அபவுட்' பகுதிக்குப் போனால் 'கேரியர் லாக்' என்ற வரியில் தெரியும். ஆண்ட்ராய்டில் எளிய வழி, வேறு நிறுவனத்து சிம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது. பூட்டு இருந்தால் திறந்துவிடச் சொல்லி நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கும், பாக்கித் தவணை இருந்தால் மறுக்கவும் செய்வார்கள். பத்து நாள் என்று சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து, போனில் *#06# அடியுங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும். இ-சிம் (பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) வசதி இருந்தால், அதற்கான அடையாளமாக இஐடி என்று ஒரு நீண்ட எண்ணும் பெரும்பாலும் கூடவே வரும். இரண்டையும் படம் எடுத்து வையுங்கள், பின்னால் கேட்பார்கள். ஒரே மாடலாக இருந்தாலும் விற்ற நாட்டைப் பொறுத்து வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-இல் வந்த 14 வரிசையிலிருந்து சிம் செருகும் தட்டே கிடையாது, கடையில் பிளாஸ்டிக் சிம் வாங்கினால் போட இடமிருக்காது. சீனப் பெருநிலத்தில் விற்றவற்றில் பெரும்பாலானவை இதற்கு நேரெதிர், இரண்டு சிம் போடலாம், இ-சிம் இல்லை.

2. எத்தனை ஜிபி வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, நானும் செய்யவில்லை. மெயில், சாட், ஆவணம் எழுதுவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளைக்குச் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். வீடியோ அழைப்புதான் தின்னும்: மணிக்குத் தோராயமாக ஒரு ஜிபி என்று வையுங்கள், படத் தரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். ஹெச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு மூன்று ஜிபி வரை போகும். ஆக, தினம் இரண்டு மணி நேரம் மீட்டிங், ஒரு வாரத்தில் ஐந்து வேலை நாள் என்றால் அதற்கே பத்து ஜிபி, மற்றதற்கு ஐந்து, மொத்தம் பதினைந்து. விடுதி வைஃபை கிடைத்தால் மிச்சம், ஆனால் அதை நம்பிக் கணக்கைக் குறைக்காதீர்கள்.

3. நான்கு வழி, எது யாருக்கு

ரோமிங்: இருக்கிற சிம்மே வெளிநாட்டு நெட்வொர்க்கில் வேலை செய்யும், எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் இதுவே போதும். ஆனால் பேக் போடாமல் டேட்டாவை ஆன் செய்தால் எம்பி கணக்கில் கட்டணம் ஏறும், லேப்டாப் இணைந்திருந்தால் பத்தே நிமிடத்தில் பெரிய பில் ஆகிவிடும். 'ஒரு நாள் பேக்' என்றால் ஆன் செய்ததிலிருந்து 24 மணி நேரமா, நள்ளிரவில் முடியும் நாளா, எந்த ஊர் நள்ளிரவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் இறங்கி ஆன் செய்தவருக்கு நான்கே மணி நேரத்தில் ஒரு நாள் தீர்ந்துபோவது இப்படித்தான்.

பயண இ-சிம்: வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்கி, இறங்கிய நிமிடமே ஓட வைக்கலாம். பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், உள்ளூர் எண் கிடைக்காது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல பயண இ-சிம்கள் உண்மையில் வேறு ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் இணைப்புகள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தரவுத் துண்டும் முதலில் அந்த நாட்டுக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்தில் இறங்கும். வேகச் சோதனையில் டவுன்லோட் அமோகமாக இருக்கும், பிங் (தரவு போய்த் திரும்பும் நேரம்) மட்டும் இருநூறு முந்நூறு மில்லி செகண்ட் காட்டும், அழைப்பில் நீங்கள் பேசி முடிப்பதற்குள் எதிராளி பேசத் தொடங்கியிருப்பார். வங்கித் தளங்களும் 'நீங்கள் எங்கேயோ இருக்கிறீர்களே' என்று சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்தலாம்.

உள்ளூர் சிம்: ஜிபிக்கு ஆகும் செலவு பெரும்பாலும் இதில்தான் குறைவு, பிங்கும் குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் ஒரே நாட்டில் இருந்து தினமும் மீட்டிங்கில் உட்காரப்போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், முதல் நாளுக்கு மட்டும் சின்ன இ-சிம் ஒன்றைப் போட்டுக்கொண்டு. விமான நிலைய கவுன்ட்டரைவிட ஊருக்குள் இருக்கும் நிறுவனக் கடையில் பிளான் பட்டியல் நீளமாகவும் விலை குறைவாகவும் இருப்பது வழக்கம்.

பாக்கெட் வைஃபை (வாடகைக்குக் கிடைக்கும் கையடக்க வைஃபை கருவி): நாலைந்து பேர் சேர்ந்து போனால், அல்லது போன் பூட்டியிருந்தால் மட்டும். முன்பணம் கட்ட வேண்டும், தனியாகச் சார்ஜ் போட வேண்டும், திருப்பிக் கொடுக்கும் நேரம் தவறினால் அபராதம்.

பல நாடு சுற்றுபவர்கள் கவனிக்க: ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டில் வாங்கிய சிம் மற்ற உறுப்பு நாடுகளிலும் உள்ளூர்க் கட்டணத்திலேயே ஓடும், 2017 ஜூன் முதல் இதுதான் விதி, இப்படி ரோமிங்கில் பயன்படுத்துவதற்கு நியாயப் பயன்பாட்டு வரம்பு என்று ஓர் அளவு மட்டும் உண்டு. ஆனால் சுவிட்சர்லாந்து இதில் சேராது. ரயில் எல்லை தாண்டுவதே தெரியாது, ரோமிங் கட்டண மெசேஜ் வந்த பிறகுதான் உறைக்கும்.

4. காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, ஹாட்ஸ்பாட் உண்டா. டெதரிங் என்றும் எழுதியிருப்பார்கள். 'உண்டு' என்ற பதிலோடு நிறுத்தாமல் எவ்வளவு என்றும் கேளுங்கள், ஏனென்றால் போனுக்கு அன்லிமிடெட், ஹாட்ஸ்பாட்டுக்குச் சில ஜிபி மட்டும் என்று பிரித்து விற்பவர்கள் நிறைய.

இரண்டாவது, அன்லிமிடெட் என்றால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எந்த வேகத்துக்குக் குறையும். 128 கேபிபிஎஸ் என்று பதில் வந்தால், அதில் சாட் போகும், மெயில் தவழும், மீட்டிங் நடக்காது. அளவு போட்ட பத்து ஜிபி பல நேரம் இந்த அன்லிமிடெட்டைவிட மேல்.

மூன்றாவது, நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது. சில இ-சிம்களுக்கு நிறுவிய நிமிடத்திலிருந்து, சிலவற்றுக்கு அங்கே போய் நெட்வொர்க் பிடித்ததிலிருந்து. முதல் வகையை ஒரு வாரம் முன்பே நிறுவினால் பாதி காலம் வீட்டிலேயே கழிந்துவிடும்.

அப்புறம் விலையை ஜிபிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், வெளிநாட்டு நாணயத்தில் கார்டு தேய்த்தால் வங்கி போடும் கட்டணத்தையும் சேர்த்து. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பிளானா என்பதையும் பாருங்கள், ஊர் திரும்பி மாதக்கணக்கில் காசு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

5. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

உள்ளூர் சிம்முக்குப் பல நாடுகளில் பாஸ்போர்ட் அசல் வேண்டும், நகல் செல்லாது. தங்கும் இடத்தின் முகவரியைக் கேட்பதும் உண்டு, அதனால் விடுதி முன்பதிவைப் போனில் படமாக வைத்திருங்கள். விசா பக்கம், நாட்டுக்குள் நுழைந்த முத்திரை இவற்றையும் சில கடைகளில் படம் எடுப்பார்கள். பதிவு முடிந்து சிம் உயிர் பெறச் சில நேரம் மணிக்கணக்கில் ஆகும், ஆகவே கடையை விட்டு வெளியே வருமுன் அங்கேயே ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பைத் திறந்து, ஒரு பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கூச்சப்படாதீர்கள், கவுன்ட்டரில் இருப்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இ-சிம் என்றால் க்யூஆர் கோட் வந்த மெயிலை அச்சடித்துக்கொள்ளுங்கள், அல்லது லேப்டாப்பில் சேமியுங்கள். போனுக்கு வந்த க்யூஆரை அதே போனின் கேமராவால் பிடிக்க முடியாது என்பது அந்த நேரத்தில்தான் மண்டையில் ஏறும். நிறுவ இணையம் வேண்டும், எனவே வீட்டு வைஃபையில் இருக்கும்போதே முடியுங்கள். நிறுவிய இ-சிம் ஓடவில்லை என்றால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். பெரும்பாலான கோட்கள் ஒரு தடவைதான் வேலை செய்யும். இது என் இரண்டாவது அடி.

நீண்ட நாள் தங்குபவர்களுக்கு: துருக்கி போன்ற நாடுகளில் வெளியிலிருந்து கொண்டுபோன போனில் உள்ளூர் சிம் போட்டால் 120 நாளுக்குள் ஐஎம்இஐயைக் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க் நின்றுவிடும்.

6. லேப்டாப்பைக் கட்டிப்போடுங்கள்

மூன்றாவது அடி இங்கே. ஒரு காலை வேளை, மெயில் பார்க்கலாம் என்று ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்தால் நான்கு ஜிபி காணோம். விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கம், முந்தின நாள் எடுத்த வீடியோக்களை மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒத்திசைவு மென்பொருள் இன்னொரு பக்கம்.

விண்டோஸில் ஹாட்ஸ்பாட்டோடு ஒரு தடவை இணைத்து, அந்த இணைப்பின் பண்புகளுக்குள் போய், 'இது அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய டேட்டா' என்று விண்டோஸுக்குச் சொல்லும் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். அப்டேட்டும் ஒன்டிரைவும் பெரும்பாலும் அடங்கிவிடும். இது ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி அமைப்பு: வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்குப் போட்டுவிட்டு நாளைக்கு அதே போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் விண்டோஸ் அதை ஈதர்நெட் (வயர் இணைப்பு) என்று எடுத்துக்கொள்ளும், அங்கே மறுபடி போட வேண்டும். கிளம்பும் முந்தின நாள் எல்லா அப்டேட்டையும் முடித்துவிட்டு, ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கும் பொத்தானையும் அழுத்திவிடுங்கள். மேக்கில் வென்ச்சுரா பதிப்பு முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் 'லோ டேட்டா மோட்' இருக்கிறது. டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்றவை இந்த அமைப்புகளை எப்போதும் மதிப்பதில்லை, அவற்றைக் கையாலேயே நிறுத்தி வையுங்கள். பிரவுசரில் திறந்து கிடக்கும் நாற்பது டேப்களைப் பற்றியும் யோசியுங்கள்.

பையில் ஒரு நல்ல யூஎஸ்பி கேபிளும், லேப்டாப்பில் லேன் துளை (வயர் வழியாக நெட் எடுக்கும் துளை) இல்லையென்றால் அதற்கான அடாப்டரும், இரண்டு மீட்டர் லேன் வயரும் இருக்கட்டும். கேபிள் டேட்டா போகிற வகையா என்று வீட்டிலேயே சோதியுங்கள், சார்ஜுக்கு மட்டும் உதவுகிற கேபிள்கள் எக்கச்சக்கம்.

7. ஓடிபி எங்கே வரும்?

புது சிம் போடப் பழைய சிம்மைக் கழற்றினால் வங்கி ஓடிபி, அலுவலக லாகின் ஓடிபி எல்லாம் அதோடு போச்சு. பழைய சிம் போனிலேயே இருக்கட்டும், டேட்டா மட்டும் புது சிம்மில். பழைய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். 'டேட்டாவை சிம்களுக்கிடையே மாற்றிக்கொள்ள அனுமதி' என்பதையும் அணையுங்கள், இல்லாவிட்டால் புது சிம்மில் சிக்னல் குறையும் நேரம் போன் சத்தமில்லாமல் பழையதுக்குத் தாவி ரோமிங் காசைக் கரைக்கும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்கு உங்கள் சிம்மில் அந்தச் சேவை இயங்க வேண்டும், அதைக் கிளம்பும் முன்பே கேட்டு ஆன் செய்யுங்கள். எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே குறியீடு உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்ற முடிந்த கணக்குகளையெல்லாம் மாற்றிவிட்டு, அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள்) தேவை என்றால் அதையும் இங்கேயே நிறுவி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சீனாவில் கூகுள் சேவைகள் உள்ளூர் இணைப்பில் திறக்காது, போன பிறகு விபிஎன் தேடி இறக்குவதும் கஷ்டம். விபிஎன்னுக்கே கட்டுப்பாடு உள்ள நாடுகளும் இருக்கின்றன, போகும் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. போகும் வழியில், இறங்கியதும்

விமானத்திலும் கப்பலிலும் ஏரோபிளேன் மோட் கட்டாயம். விதிக்காக மட்டும் சொல்லவில்லை. கப்பல்களிலும் சில விமானங்களிலும் செயற்கைக்கோள் வழியாக ஓடும் சொந்த மொபைல் நெட்வொர்க் உண்டு, சாதாரண ரோமிங் பேக் பலவற்றில் அது அடங்காது, போன் தானாக அதில் தொற்றிக்கொண்டால் பில் வேறு மாதிரி வரும்.

இறங்கியதும் புது சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். ஆமாம், பயண இ-சிம்முக்கு ஆன், பழைய சிம்முக்கு ஆஃப். இதில்தான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். அப்படியும் வரவில்லையா, சிம் அமைப்புகளில் ஏபிஎன் (நிறுவனத்தின் டேட்டா நுழைவாயிலின் பெயர்) பெட்டி காலியாக இருக்கிறதா என்று பார்த்து நிறுவனம் மெயிலில் அனுப்பியதை அப்படியே அடியுங்கள். பிறகு நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வதிலிருந்து கைத்தேர்வுக்கு மாற்றி, பட்டியலில் வேறொன்றை முயலுங்கள். கடைசியாக ரீஸ்டார்ட்.

9. விடுதி வைஃபை

இணைந்த பிறகும் லாகின் பக்கம் வரவில்லை என்பதுதான் பொதுவான புகார். காரணம் பெரும்பாலும் உங்கள் லேப்டாப்பே. விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியைக் கையால் மாற்றி வைத்திருப்பீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டு, மறையாக்கம் இல்லாத (https அல்ல, http என்று தொடங்கும்) ஒரு தளத்தைத் திறங்கள். இதற்கென்றே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தட்டினால் விடுதியின் பக்கம் குறுக்கே வந்து நிற்கும். லாகின் ஆனபின் விபிஎன்னைத் திரும்பப் போடலாம். தினமும் மறுபடி லாகின் கேட்டால், லேப்டாப் நெட்வொர்க்கில் தன்னை அடையாளம் காட்டும் வன்பொருள் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகிறதா என்று பார்த்து, அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் அதை நிறுத்துங்கள்.

வேகம் பார்க்கும்போது டவுன்லோடை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். மீட்டிங்குக்கு அப்லோட் மூன்று நான்கு எம்பிபிஎஸ் நிலையாகவும், பிங் நூறு நூற்றைம்பதுக்குள்ளும் இருந்தால் போதும். இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை சோதியுங்கள், எல்லா அறையிலும் படம் ஓடும் நேரம் அதுதான். மோசமாக இருந்தால் மேசைக்குப் பின்னாலும் டிவிக்குப் பின்னாலும் கையை விட்டுத் துழாவுங்கள், லேன் துளை ஒன்று தூசியோடு காத்திருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு வைஃபை தெரிந்தால் எது தங்களுடையது என்று வரவேற்பில் கேளுங்கள். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தால் தாண்டிப் போகாதீர்கள். இது எந்த வகை நெட்வொர்க் என்று விண்டோஸ் கேட்கும்போது 'பப்ளிக்' என்பதையே தேர்ந்தெடுங்கள்.

10. ஹாட்ஸ்பாட் தள்ளாடினால்

போனை ஜன்னல் விளிம்பில் வையுங்கள், லேப்டாப் எங்கேயும் இருக்கட்டும். கான்கிரீட் சுவருக்குள் இரண்டு மீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். நேரடி வெயிலில் மட்டும் வேண்டாம், சூடேறினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 5ஜி வந்து வந்து போனால் 4ஜியில் பூட்டுங்கள், வேகம் குறைந்தாலும் அறுபடாது. பக்கத்து அறைகளின் வைஃபை நெரிசல் அதிகம் என்றால் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பழைய லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் பெயரே தெரியவில்லை என்றால் 2.4-க்கு, ஐபோனில் அது 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'. இத்தனையும் வேண்டாம் என்றால் யூஎஸ்பி கேபிள்: நெரிசலும் கிடையாது, சார்ஜும் ஏறும். என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். ஒன்று மட்டும், சில ஆண்ட்ராய்டு போன்கள் மேக்கோடு இந்த வழியில் ஒத்துப்போவதில்லை, வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

11. மீட்டிங் நாளன்று

அரை மணி முன்பே உட்காருங்கள். விடுதி வைஃபை ஒன்று, ஹாட்ஸ்பாட் ஒன்று, இரண்டையும் அன்றைக்கே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், முந்தின நாள் ஓடியது சாட்சியாகாது. ஸ்லைடுகளை முன்கூட்டியே இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள், திரை பகிரும் பொறுப்பு அவருடையது. இணைப்பு திணறினால் முதலில் உங்கள் வீடியோவை அணையுங்கள், பிறகு வருகிற வீடியோக்களையும்.

நான்காவது அடி இங்கேதான் விழுந்தது. இரண்டு இணைப்பும் தயாராக வைத்திருந்தேன், ஆனால் மின்சாரம் போனது, விடுதி வைஃபை போனது, ஹாட்ஸ்பாட் போட்ட போனில் எட்டு சதவீதம் சார்ஜ். பவர் பேங்க் வைத்திருங்கள். விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பொதுவாக 100 வாட்-அவர் வரைக்கும் முன் அனுமதி தேவைப்படாது. வாங்கும்போது அந்த எண் மேலே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அழைப்பிதழில் தொலைபேசி வழியாகச் சேரும் எண் இருந்தால் அதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.